மஞ்சள் முக்கோணத்தில் ஒரு வலது கை

எச்சரிக்கைப் படங்களில் வரும் மனிதனுக்கு முகம் கிடையாது. ஒரு வட்டம் தலை. அதற்குக் கீழே கழுத்தில்லாத உடல். கைகால்கள் நுனி மழுங்கிய நான்கு கட்டைகள். அவன் ஈரத்தரையில் வழுக்குவான், ஏணியிலிருந்து பின்புறமாகச் சாய்வான், மின்னல் குறி நெஞ்சில் பாய்ந்து வளைந்து நிற்பான். பதினோரு வருடமாக அவனை இப்படிப் பல விதங்களில் சாகடிப்பதுதான் அவளுடைய வேலை. அந்த ஸ்டிக்கர் கடையில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

“மாப்பிள்ளைக்கு இன்னைக்கு என்ன கண்டம்?” என்று கேட்டுக்கொண்டேதான் முதலாளி காலையில் உள்ளே வருவார்.

“ஆசிட், சார். கையில ஓட்டை.”

“பாவம்யா, நேத்துதான் லிஃப்ட்ல மாட்டினான்.”

முதலாளிக்கு, அவர் காதில் விழாதவரை, ‘மில்லி’ என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முழுத் தாளையும் குப்பையில் போடச் சொல்வார். மாப்பிள்ளைக்கு ஏன் முகம் இல்லை என்று சேர்ந்த புதிதில் அவள் கேட்டபோது, “முகம் போட்டா, பாக்கறவன் இது வேற யாரோன்னு போயிட்டே இருப்பான். முகம் இல்லேன்னாதான் நம்மளத்தான் சொல்றாங்கன்னு நிப்பான்” என்றார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் அவளுக்கு அது முழுதாக ஒப்பவில்லை. முகமில்லாதவனைப் பார்த்து யாரும் நின்று அவள் பார்த்ததில்லை.

கல்யாணமான இரண்டாம் வருடம் அந்தக் கடையில் சேர்ந்தாள். கட்டிங் மெஷின் கோடு கோடாக வெட்டித் தள்ளும் வினைல் தாளில் வேண்டாததை நகத்தால் நெம்பி உரித்தெடுத்து, வேண்டியதை மட்டும் தாளில் விட்டுவைப்பது முதல் வேலை. எழுத்தின் சுழிக்குள் சிக்கிய துணுக்கைக்கூடக் கிழியாமல் எடுக்க அவளால்தான் முடியும் என்றானது. பிறகு, பக்கத்தில் நின்று பார்த்தே கம்ப்யூட்டரையும் கற்றுக்கொண்டாள். எந்தப் படத்தை எந்தப் பெயரில் வைத்திருக்கிறார்கள், எதைப் பெரிதாக்கினால் கோடு உடையும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்கு அந்தக் கடைதான். தொப்பியில் ஒட்டும் பட்டைகளும் அங்கேதான் தயாராகும். வெள்ளைத் தொப்பி மேனேஜர், பச்சை சூபர்வைசர், மஞ்சள் ஆபரேட்டர், நீலம் தினக்கூலி, சிவப்பு வெளியாள். தூரத்தில் வருபவனின் முகம் தெரிவதற்கு முன்பே அவனுக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த நிறங்களை வெட்டித் தந்தவள் என்ற முறையில் அவளுக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கணவனின் தலையில் இருந்த மஞ்சள் பட்டையையும் அவள்தான் வெட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து குமிழி இல்லாமல் ஒட்டிக்கொடுத்தாள். அவன் தகர மூடி அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஆபரேட்டர்.

பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படி வேலை செய்தால் கேட்ட எண்ணிக்கையில் மூடி வராது. அதனால் வலப்பக்கப் பொத்தானில் ஒரு மரச்சீவலைச் செருகிவிட்டு, இடது கையால் மற்றதை அழுத்திக்கொண்டே வலது கையால் தகரத்தைத் தள்ளுவார்கள். அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம். சூபர்வைசரே சீவல்களைச் சட்டைப்பையில் வைத்திருந்து கொடுப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஷிப்டு முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, அவனுடைய வலது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் நண்பகலில், அவனை இரண்டாம் முறை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்த நேரத்தில், முதலாளி போன் செய்தார்.

“ஏம்மா, கேக்கவே சங்கடமா இருக்கு. மெஷின் ஓட்டற இன்னொருத்தரும் லீவு. ஏஜென்ட் வந்து உக்காந்திருக்கார். சாயந்திரத்துக்குள்ள அறுபது வேணுமாம். ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போயிடறியா?”

கணவனின் அக்கா கூட இருந்தாள். “போயிட்டு வா. இங்க உக்காந்து அந்தக் கதவையே பாத்துட்டு இருந்தா கதவு தேஞ்சுடும்” என்றாள். அண்ணியின் வாய் அப்படி. ஆனால் மூன்று வேளையாகப் பட்டினி கிடந்து துணையிருப்பவளும் அவள்தான். இவள் கடைக்குக் கிளம்பினாள். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை.

கடையில் ஏஜென்ட் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பல கம்பெனிகளிடம் ஆர்டர் வாங்கி வந்து தருபவர். எந்தக் கம்பெனி என்று சொல்லும் வழக்கமில்லை.

“இவ்ளோ பளிச்சுன்னு வேணாம். வெயில்ல காஞ்ச ரோல் ஏதாச்சும் கிடக்கா?”

“ஊரே புதுசு கேக்குது, உங்களுக்குப் பழசா?” என்றார் முதலாளி. “கிழிச்சும் குடுக்கவா?”

“கிழிக்க வேணாம். ஓரம் லேசா மடங்கினாப் போதும்.”

முதலாளி சிரித்தார். அவளும் சிரித்திருக்கலாம், அவளுக்கு நினைவில்லை. மஞ்சள் முக்கோணம், நடுவே கறுப்பில் மேலிருந்து இறங்கும் இரும்பு, அதன் கீழே ஒரு கை. அந்தக் கடையின் படத்தில் அது எப்போதும் இடது கை. யார் எப்போது வரைந்தார்களோ, கட்டைவிரல் வலப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கில் அந்த இடது கையை அவள் வெட்டியிருக்கிறாள். அன்று படத்தைத் திறந்தவுடன் ஏதோ சரியில்லை என்று பட்டது. முந்தைய இரவு முழுக்க ஒரு வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. யோசிக்காமல் பிழையைத் திருத்துகிறவள்போல் கையைப் புரட்டினாள். கட்டைவிரல் இடப்பக்கம் வந்தது. அறுபதையும் வெட்டி, உரித்து, அடுக்கிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

மூன்று வாரம் கழித்து கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ‘எச்சரிக்கைப் படம் கண்ணெதிரே ஒட்டப்பட்டிருந்தும் அதை மதியாமல் இயந்திரத்துக்குள் கையை நுழைத்தது கடுமையான கவனக்குறைவு’ என்று அதில் இருந்தது. விசாரணைக்கு ஒரு தேதி. சான்றாக ஒரு வண்ணப் படம்: அவன் நின்று வேலை செய்த மெஷின், தோள் உயரத்தில் மஞ்சள் முக்கோணம். மரச்சீவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் பற்றிச் சொல்ல, அவனோடு வேலை செய்தவர்கள் யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது. கவனக்குறைவு என்று முடிவானால் வேலை போகும். அந்தத் தாளோடு போகிறவனை வேறு எந்தக் கம்பெனியும் வாசலில்கூட நிறுத்தாது, அதுவும் ஒற்றைக் கையோடு.

அவள் அந்தப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கட்டைவிரல் இடப்பக்கம் இருந்தது.

“என்னங்க, இது நான் வெட்டினது.”

“உங்க கடையிலதானே எல்லாரும் வாங்கறாங்க.”

“அது இல்லீங்க. இது உங்களுக்கு அடிபட்ட மறுநாள் வெட்டினது. கையைப் பாருங்க, வலது கை. எங்க கடையில எப்பவும் இடது கைதான். அன்னைக்கு மட்டுந்தான் நான் திருப்பினேன்.”

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துணி சுற்றிய கையை மடியில் சரிசெய்துகொண்டான்.

அண்ணிதான் முதலில் பேசினாள். “அப்போ தம்பி கையை எடுத்தவனுக்கு நீயே சர்டிபிகேட் அடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்க.”

“எனக்குத் தெரியுமா அண்ணி?”

“தெரியாதுன்னுதானே சொல்றேன். தெரிஞ்சு செஞ்சிருந்தா இந்நேரம் உன்னை வீட்ல வெச்சிருப்பேனா?”

அவள் மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். படத்தில் கை இடது கையாகவே இருந்தது.

“போன வாரம் வேற ஆர்டருக்குத் திறந்தேன். கை மாறியிருந்துச்சு. தப்பா இருக்கேன்னு நான்தான் திருப்பி சேவ் பண்ணேன்” என்றார். “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.”

அவர் சொன்னது பொய்யில்லை. பிழையைத் தாங்க முடியாத மனிதர் அவர். அவளுக்கிருந்த ஒரே சாட்சியத்தை அந்தக் குணமே அழித்திருந்தது. ஆர்டர் நோட்டைப் புரட்டினார். தேதி இருந்தது, ‘மு.கோணம், கை, 60, அவசரம்’ என்று இருந்தது, ஏஜென்ட்டின் பெயர் இருந்தது. கம்பெனியின் பெயர் இல்லை. அவள் எதிரிலேயே ஏஜென்ட்டுக்குப் போன் செய்தார். அது வேறு கம்பெனிக்கு என்று ஏஜென்ட் சொன்னார். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, “என்ன சார், போலீஸ் வேலைக்குப் போயிட்டீங்களா?” என்று வைத்துவிட்டார்.

“என்னை யாராச்சும் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்” என்றார் முதலாளி, நோட்டை மூடிக்கொண்டே. “நானா வந்து சொல்லணும்னா முடியாதும்மா. இந்தக் கடையில நாலு குடும்பம் சாப்பிடுது.”

அந்தக் கடையில் ஒரு வழக்கம். குமிழி விழுந்தது, கோணலாக வெட்டியது என்று கெட்டுப்போன ஸ்டிக்கர்களைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் அத்தனை மரணங்களும் எதிரே நிற்கும். அன்று மதியம் அந்தக் கதவை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். தாழ்ப்பாளுக்குக் கீழே இருந்தது. வெளிறிய மஞ்சள், நடுவில் ஒரு கொப்புளம், வலது கை. அந்த அறுபதை வெட்டும்போது கெட்டுப்போன ஒன்று. அவளே ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியது நினைவில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பி, இன்னொரு பின்தாளில் படிய வைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

விசாரணைக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளும் அவள் அவனைத் தயார் செய்தாள். அவன் அதிகம் பேசுபவனல்ல. பேசினால் நினைத்ததை மட்டும் சொல்பவன். அதிகாரிக்கு முன்னால் தடுமாறிவிடுவான் என்று பயந்தாள். கம்பெனி அனுப்பிய படத்தை அலமாரிக் கதவில் ஒட்டினாள். தினமும் காலையிலும் வேலைவிட்டு வந்த பிறகும் அவனை அதன் எதிரே உட்காரவைத்தாள்.

“எங்க ஒட்டியிருக்கு?”

“தோளுக்கு நேரா. இடப்பக்கம்.”

“அன்னைக்கு அந்த இடத்துல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல.”

“கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கு?”

“இந்தப் பக்கம்.”

“ஆக, இது எப்ப ஒட்டினது?”

“ஏம்மா, அவனுக்கு என்ன பரீட்சையா?” என்றாள் அண்ணி. “படத்தைப் பாத்துப் பாத்து எனக்கே அந்த மெஷினை ஓட்ட வந்துடும்போல.”

அவளுடைய தொழிலில் ஒன்றை மறுப்பதற்கு ஒரு வழிதான் உண்டு. நெருப்பு கூடாது என்று சொல்ல முதலில் நெருப்பை வரைய வேண்டும். பிறகு அதன்மேல் சிவப்பில் ஒரு குறுக்குக்கோடு. கோடு வெயிலில் முதலில் வெளுக்கும். சிவப்பு மை சீக்கிரம் போய்விடும், கறுப்பு நிற்கும். சில வருடங்களில் அந்தப் பலகைகள் நெருப்பை மட்டும் காட்டிக்கொண்டு நிற்பதை அவள் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறாள். ஆனாலும் தன் வீட்டு அலமாரியில் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

விசாரணை கம்பெனியின் மாடி அறையில் நடந்தது. நீண்ட மேசை, நடுவில் ஒரு தண்ணீர் ஜாடி. வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கம்பெனி மேனேஜர். கணவனால் எழுத முடியாது என்பதால் அவளை உடனிருக்க அனுமதித்தார்கள். அவள் ஸ்டிக்கரை எடுத்து அவர்கள் அனுப்பிய படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இடது கை, வலது கை, அன்று வந்த ஆர்டர், வெளிறிய ரோல் எல்லாவற்றையும் சொன்னாள். நன்றாகவே சொன்னாள். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இதுல தேதி போட்டிருக்காம்மா?”

“ஸ்டிக்கர்ல தேதி போட மாட்டோம், சார்.”

“வலது கையா இடது கையான்னு ஏதாவது சட்டம் இருக்கா?”

“சட்டம் இல்ல, சார். எங்க கடையில...”

“உங்க கடையில கம்ப்யூட்டர் உங்க கையிலதான் இருக்கு. இல்லையா?”

“ஆமா சார்.”

“அப்போ இதை நேத்துகூட வெட்டியிருக்கலாமே.”

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்ற முறையில்தான் கேட்டார். அதுதான் அவளை அசைத்தது. எதையும் எப்போது வேண்டுமானாலும் வெட்டித் தரக்கூடியவள் என்பதால்தான் அவளுக்கு உண்மை தெரிந்திருந்தது. அதே காரணத்தால்தான் அவள் சொல் செல்லாது.

“சரி, இதெல்லாம் இருக்கட்டும்” என்று அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். “அங்க தினம் வேலை செஞ்சது நீங்க. நீங்க சொல்லுங்க. சம்பவம் நடந்த அன்னைக்கு இந்தப் படம் மெஷின்ல இருந்துச்சா, இல்லையா?”

படத்தை அவன் முன்னால் தள்ளினார். அவன் குனிந்து பார்த்தான். அவள் அவனுடைய பக்கவாட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒண்ணும் இல்ல. அந்த இரண்டு சொற்களைத்தான் அவன் சொல்ல வேண்டும்.

அவன் கண்ணை மூடினான். திறந்தான்.

“இருந்துச்சு, சார்.”

மேனேஜர் நிமிர்ந்தார். அதிகாரி துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். மஞ்சளா இருந்துச்சு. தோளுக்கு நேரா.”

“என்னங்க!” என்றாள் அவள்.

“நீங்க பேசக்கூடாதும்மா.”

அவன் சொன்னது இரண்டு வரிகளில் எழுதப்பட்டது. இடது கட்டைவிரலில் மை தடவிக் கீழே வைத்தான்.

படிக்கட்டின் நடுவில் அவள் அவனை நிறுத்தினாள். சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எதுக்குங்க?”

“எனக்கு அப்படித்தான் ஞாபகம் வருது.”

“இருபது நாளா இல்ல இல்லன்னுதானே சொன்னீங்க!”

“நீ கேட்டப்போ சொன்னேன். அது நீ சொல்லிக்குடுத்தது.” அவன் படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினான். “கண்ணை மூடினா மெஷின் வருது. மெஷின் வந்தா அதுவும் கூடவே வருது. அது இல்லாம நினைச்சுப் பாக்கறேன், முடியல. எனக்கு என்ன தோணுதோ அதைத்தானே நான் சொல்ல முடியும்? கேட்டாரு, சொன்னேன்.”

அவள் அவன் சட்டையை விட்டாள். அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வாசலுக்குப் போகும் வழி பிரஸ் ஷெட்டின் ஓரமாகப் போனது. வெளியாட்களுக்கான சிவப்புத் தொப்பியை அவள் தலையில் வைத்திருந்தார்கள். மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தோளிலும் ஒரு மஞ்சள் முக்கோணம், ஒவ்வொன்றிலும் அவள் புரட்டிய கை. ஓரமாக நின்றிருந்த ஓர் ஆபரேட்டரிடம், “அண்ணே, இந்தப் படம் எப்ப ஒட்டினாங்க?” என்று கேட்டாள்.

அவர் திரும்பி அதைப் பார்த்தார். “எது, இதா? இது எப்பவும் இங்கதானேம்மா இருக்கு” என்றார். மறைக்கிற முகமாகத் தெரியவில்லை.

அவள் கணவனின் மெஷினை நோக்கி நடந்தாள். ஏழாவது. அவனுடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். அவளைப் பார்த்ததும் பொத்தானிலிருந்து கையை எடுத்தார், மெஷின் நின்றது. அவள் முக்கோணத்தின் கீழ் மூலையில் நகத்தை வைத்தாள். எண்ணெய்ச் சூட்டில் பசை இளகியிருந்தது. ஒரே இழுப்பில், கிழியாமல், முழுதாக வந்தது.

பழைய ஸ்டிக்கரை உரித்தால் அடியில் சாயம் புதிதாக இருக்கும். சுற்றிலும் எல்லாம் மங்கி, எண்ணெய்க் கறை ஏறி, அந்த முக்கோணம் மட்டும் மெஷின் வாங்கிய அன்றைய பச்சையில் பளிச்சென்று நிற்கும். அவள் உரித்த எத்தனையோ பலகைகளில் அது அப்படித்தான் நின்றிருக்கிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. சுற்றிலும் இருந்த அதே மங்கல் பச்சை, அதே கறை. மேலே இருந்த ஒரு கீறல், ஸ்டிக்கர் இருந்த இடத்தைக் கடந்து நேராகக் கீழே போனது.

“இங்க வாங்க” என்றாள். “பாருங்க. நல்லாப் பாருங்க.”

அவன் கிட்டே வந்தான். இடது கையை அந்த இடத்தில் வைத்தான். விரல் அந்தக் கீறலின் மேல் போய் நின்றது.

“இந்தக் கீறல் தெரியும்” என்றான். “தகரம் சாஞ்சு கீறினது. நான் சேர்ந்த வருஷம்.” விரலைக் கீறலோடு கீழே இறக்கினான். “தினம் இதைத்தான் பாத்துட்டு நிப்பேன். இங்க ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல.”

பச்சைத் தொப்பி சூபர்வைசர் ஓடிவந்தார். “யாரும்மா நீ? சேஃப்டி ஸ்டிக்கரைக் கிழிக்கற? செக்யூரிட்டி!” மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு முக்கோணத்தை எடுத்துவந்து அதே இடத்தில் அறைந்தார். கோணலாக விழுந்தது, நடுவில் பெரிய குமிழி. அதற்குள் கணவன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். அடிபட்ட நாளிலிருந்து அவன் அவளுக்கு முன்னால் நடந்து அவள் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே ஓடினாள்.

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“சார், நான் சொன்னது தப்பு. படம் இல்ல. அதை மாத்தி எழுதுங்க.”

“அரை மணி நேரம் முன்னாடி இருந்துச்சுன்னீங்க.”

“இப்போ போய்ப் பாத்தேன், சார்.”

“இப்போ இருக்காதுதான்” என்றார் மேனேஜர், கையிலிருந்த போனை இறக்கி. “உங்க வீட்டம்மாதான் கிழிச்சுட்டாங்களாமே. அதையும் எழுதிக்குவோம், சார்.”

அவள் கையில் இருந்த முக்கோணத்தை நீட்டினாள். ஒட்டும் பக்கம் பழைய எண்ணெயும் தூசியும் அப்பி வந்திருந்தது. “இதோட முதுகைப் பாருங்க, சார். அழுக்கு மேல ஒட்டினது இது. கீழ வந்து மெஷினைப் பாத்தா உங்களுக்கே தெரியும். பத்து நிமிஷம், சார்.”

“அங்க இப்ப வேற ஒட்டியாச்சும்மா. விசாரணையும் முடிஞ்சுபோச்சு” என்றார் அதிகாரி. ஆனால் எழுந்திருக்கவில்லை. மெலிந்து போயிருந்த கணவனைச் சற்று நேரம் பார்த்தார். அவரிடம் கொஞ்சம் மனசாட்சி இருந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். ஒரு வெள்ளைத் தாளை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தினார். “முதல்ல சொன்னதை மாத்த முடியாது. கூடுதலா ஒரு வாக்குமூலம் குடுக்கலாம். நான் இனி எழுதிக்க முடியாது, உங்க கைப்பட எழுதணும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள குடுத்தா சேத்துக்கறேன்.”

“நான் எழுதறேன், சார். அவர் சொல்லட்டும்” என்றாள் அவள்.

“நீங்க எழுதினா அது நீங்க சொன்னதாத்தான்மா ஆகும்.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணிக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அவன் உட்கார்ந்தான். வலது கையை, கட்டைவிரல் மட்டும் இருந்த அந்தக் கட்டுத் துணியை, தாள் நகராமல் இருக்க மேலே வைத்து அழுத்தினான். வலித்திருக்க வேண்டும். இடது கையில் பேனாவைப் பிடித்தான். பேனா கையில் நிற்கவில்லை. சரிந்தது, மறுபடி பிடித்தான். முதல் எழுத்து தாளின் பாதிக்குப் பெரிதாக, நடுங்கிக்கொண்டு வந்தது. மேனேஜர் ஜன்னலருகே போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மேசையின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கை ஒரு எழுத்தை முடிப்பதற்குள் ‘அன்று அந்த இடத்தில் படம் இல்லை’ என்ற வாக்கியத்தை மனசுக்குள் எழுதி முடித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடியும் எழுதினாள். ஒரு எழுத்தின் கொம்பு தப்பாகப் போனது. அவன் அதை அடித்துவிட்டு அதன் பக்கத்திலேயே மறுபடி தொடங்கினான்.

“நேரமாச்சு, சார்” என்றார் மேனேஜர்.

அவன் நிமிரவில்லை. மூன்றாவது சொல்லின் பாதியில் இருந்தான்.